பத்து நாள் முந்திய திருநாள்

1678 நவம்பர் 9

நேற்று துரையை அடக்கம் செய்தார்கள். சென்னப்பட்டினத்துக் கோட்டையில் வெயிலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பிய மனிதர், சொந்த ஊரான லண்டனுக்கு வந்து ஐந்தே மாதத்தில் சளிக்காய்ச்சலில் போய்விட்டார். அழுதேன். அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

இனிமேல் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆளைத்தான் நேற்று மண்ணுக்குள் இறக்கினோம். பேசாமலே இருந்தால் நாக்கு மரத்துப்போகும்.

தேதியைப் பற்றி ஒன்று. எங்கள் சாந்தோமில் பாதிரிமார் சொல்லித்தந்த கணக்குப்படி இன்று நவம்பர் ஒன்பது. இங்கே இன்னும் அக்டோபர் முப்பதுதான். நாட்காட்டியைத் திருத்தியவர் பாப்பரசர் என்பதால் இவர்கள் அதை ஏற்கவில்லை. வீம்புக்காக ஒரு ராஜ்யமே பத்து நாள் பிந்தி நடப்பதை இங்கேதான் பார்க்கிறேன். என் புத்தகத்தில் என் கணக்குதான்.

என் பெயர் சந்தியாகு. துரைக்குத் துபாஷியாக இருந்தேன். தமிழ், தெலுங்கு, போர்த்துக்கீசு, இங்கிலீசு நான்கும் பேசுவேன். துணி வியாபாரத்தில் ஏதோ வழக்கு, நீ வந்து சாட்சி சொல்லு, ஜனவரிக் கப்பலில் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று துரை அழைத்து வந்தார். துரைசானிக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. சிப்பியோ என்று வைத்துவிட்டாள். பழைய காலத்து ரோமாபுரிச் சேனாதிபதியின் பெயராம். அவள் நாயின் பெயர் சீசர். அதுவும் பெரிய ஆள்தான்.

நான் கத்தோலிக்கன் என்பது துரைக்கு மட்டும் தெரியும். ராஜாவைக் கொல்லப் பாப்பரசரின் ஆட்கள் சதி செய்கிறார்கள் என்று ஊரே வெறிபிடித்துக் கிடக்கிறது. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார். திறக்கவில்லை.

நவம்பர் 14

துரைசானியின் அண்ணன் நெவில் வந்து தங்கியிருக்கிறார். பார்படோஸ் என்ற தீவில் அவருக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கீழுதட்டை விரலால் இழுத்துப் பல்லைப் பார்த்தார். எத்தனை பாஷை தெரியும் என்று கேட்கவில்லை.

மாலையில் சமையற்காரி ஹன்னா விஷயத்தை உடைத்தாள். ஜனவரியில் நெவில் தீவுக்குத் திரும்பும்போது என்னையும் கொண்டுபோகிறாராம். துரை வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று துரைசானி இழுத்தாளாம். வாக்கு கொடுத்தவரோடு போய்விட்டது, அஞ்ஞானிக் கறுப்பன் வீட்டுச் சாமானோடு சேர்ந்தவன், சட்டமே அப்படித்தான் என்று அண்ணன் முடித்துவிட்டாராம்.

துரைசானியிடமே போய்க் கேட்டேன். பொல்லாதவள் அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அங்கேயும் வெயில்தானே சிப்பியோ, உனக்குப் பிடிக்கும்” என்றாள்.

ஊரில் என் மனைவி மதலேனாள் காத்திருக்கிறாள். பிள்ளை சூசைக்கு இப்போது பல் முளைத்திருக்கும். நான் ஜனவரிக் கப்பலில் ஏறியே ஆகவேண்டும்.

நவம்பர் 17

நான் ஏன் கறுப்பு என்பதற்கு இந்த வீட்டில் மூன்று காரணம் இருக்கிறது. துரைசானி வெயில் என்கிறாள். அப்படியானால் துரை ஏன் கறுக்கவில்லை என்று கேட்டால் தொப்பி என்கிறாள். நெவில் நோவா தன் பேரப்பிள்ளைக்கு இட்ட சாபம் என்கிறார். ஹன்னா, நான் வயிற்றில் இருந்தபோது என் அம்மா எதையோ கறுப்பாகப் பார்த்துப் பயந்திருக்கவேண்டும் என்கிறாள். எங்கள் ஊரில் அத்தனை அம்மாக்களுமா பயந்தார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பாவம், பயங்கரமான ஊராக இருக்கும் என்றாள்.

ஹன்னாவை எங்கள் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினால் வெண்குஷ்டம் என்று வேப்பெண்ணெய் கொண்டுவருவார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தனியாக ரொட்டி எடுத்து வைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

நவம்பர் 20

கையெல்லாம் வெடிப்பு. இன்று துபாஷி பாத்திரம் தேய்த்தான்.

நவம்பர் 23

துணி வெளுக்க டோர்கஸ் வந்தாள். காப்பிரிச்சி, ஆப்பிரிக்க வம்சம். பார்படோஸில் பிறந்தவள். மார்லோ என்று ஒரு கப்பல் தலைவரின் குடும்பத்தோடு இங்கே வந்து, இந்தப் பேட்டைக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றாளாம். தலைவர் செத்த பிறகு பக்கத்துச் சந்தில் குடியிருந்து துணி வெளுத்துப் பிழைக்கிறாள். யாருக்கும் சொந்தமில்லை.

என்னைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டதுபோலச் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கரி, நான் மாநிறம். ஹன்னாவைக் கூப்பிட்டு, எங்கள் இருவர் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, “ரெண்டும் கறுப்புதானே” என்றாள். டோர்கஸ் சிரித்துச் சிரித்துச் சோப்பு நுரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து அவள் தன் குவளையில் தண்ணீர் நீட்டினாள். வாங்கவில்லை. அவமதிப்பு ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை. அவ்வளவுதான். என்னை அவளோடு சேர்த்து எண்ணுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

நவம்பர் 27

தெருவில் வைக்கோலால் பாப்பரசர் செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். வயிற்றுக்குள் உயிருள்ள பூனைகளை வைத்துத் தைத்திருந்தார்கள், எரியும்போது கத்தவேண்டும் என்று. பார்க்க வாடா என்று ஹன்னா இழுத்துப்போனாள். எல்லோரும் விறகு எறிந்தார்கள். நானும் ஒன்று எறிந்தேன். கையில் இன்னும் அந்தப் புகை நாற்றம் இருக்கிறது.

நவம்பர் 30

நெவில் இருக்கும் நாட்களில் டோர்கஸ் வேலைக்கு வருவதில்லை. சோம்பேறி. இன்று அவர் வெளியூர் போயிருந்ததால் வந்தாள். தீவைப் பற்றிக் கேட்டேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: “அங்க ஆள் செத்தா புது ஆள் வாங்குவாங்க. சோறு போட்டு வச்சிருக்கறதவிட அது மலிவு. என் அம்மா ஆலையில கை மாட்டிச் செத்தா. ஆலையை நிறுத்தல.”

தப்ப வழியே இல்லையா என்றேன். இருக்கிறது, பாதிரியிடம் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொள், கிறிஸ்தவனைச் சாமான் என்று சொல்ல இவர்களுக்கே கூசும், நான் அப்படித்தான் பிழைத்தேன் என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அப்போஸ்தலர் தோமையாரையே அடக்கம் செய்த ஊர் எங்களுடையது. நேற்று ஞானஸ்நானம் வாங்கியவள் எனக்கு வழி சொல்கிறாள். சொல்லவந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 3

மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஞானஸ்நானம் ஒருமுறைதான். இரண்டாம் தடவை வாங்குவது கர்த்தரின் முகத்தில் தண்ணீரைத் திருப்பி ஊற்றுகிற பாவம். கத்தோலிக்கன் என்று சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் கரும்பு ஆலை. மிச்சம் இருப்பது டோர்கஸ் சொன்ன பொய் ஒன்றுதான்.

இன்று சவேரியார் திருநாள். கோவில் பாதிரி லாங்டனிடம் போனேன். சின்ன வயது, மூக்கு சிவந்த, நல்ல மனிதர். “நான் அஞ்ஞானி, என்னை மீட்கணும் ஐயா” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் கணக்கில் வரும் கிறிஸ்து பிறந்த நாளன்று, சபையார் எல்லோர் முன்னாலும் ஞானஸ்நானம். கப்பல் அதற்குப் பிறகுதான் புறப்படும். நெவில் கேள்விப்பட்டு முறைத்தார். பாதிரியைத் தடுக்க அவருக்குத் துணிவில்லை.

டிசம்பர் 12

தெரிந்ததைத் தெரியாதது போல் நடிப்பது துபாஷி வேலையைவிடக் கஷ்டம். பாதிரி பரமண்டல மந்திரத்தை வரிவரியாகச் சொல்லித்தருகிறார். நான் தாயின் மடியில் கற்றதை மென்று முழுங்கி, பாதியில் நிறுத்தி, மோட்டுவளையைப் பார்த்துத் தப்பும் தவறுமாகச் சொல்கிறேன். இன்று ஒரு வரியைத் தவறாமல் சொல்லிவிட்டேன். பூரித்துப்போய்த் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். இந்த நிறத்தவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று படித்திருக்கிறேன், நீ அதைப் பொய்யாக்குகிறாய் என்றார். நன்றி சொன்னேன். கையுறை வெதுவெதுப்பாக இருக்கிறது.

டிசம்பர் 21

தோமையார் திருநாள். மயிலாப்பூரில் இன்று சப்பரம் வரும். மதலேனாள் சூசையைத் தோளில் தூக்கிக் காட்டியிருப்பாள். இங்கே நான் நிலக்கரி அள்ளினேன்.

இன்னும் இரண்டு வாரம். பிறகு நான் சுதந்திரன். பாதிரியே கப்பல்காரர்களிடம் சொல்லி ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 25

கிறிஸ்து பிறந்துவிட்டார். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. இவர்களுக்கு இன்று வெறும் பதினைந்தாம் தேதி.

நேற்று ஒருசந்தி இருந்தேன். ஹன்னா வைத்த பன்றிக்கறியைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் கோவிலுக்குப் போனார்கள். மனம் கேட்கவில்லை. துரை கொண்டுவந்த அரிசி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஊறவைத்து இடித்தேன். நெவில் தோட்டத்துப் பழுப்புச் சர்க்கரை பீப்பாயில் இருந்தது. அதைப் பாகு காய்ச்சினால் அச்சு அசல் நம் வெல்ல வாசனை. வெண்ணெயை உருக்கி அதிரசம் சுட்டேன். ஓரம் கருகிவிட்டது. மதலேனாள் பார்த்தால் சிரிப்பாள்.

திருநாள் பலகாரத்தைத் தனியாகத் தின்பது எங்கள் பழக்கமல்ல. முதல் ஈடு அண்டை வீட்டுக்குப் போகவேண்டும். எனக்கு இங்கே அண்டை வீடு ஏது? தட்டில் துணி மூடி டோர்கஸ் இருக்கும் சந்துக்குப் போய்க் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஹன்னாவுக்கும் கொடுத்தேன். என்னடா விசேஷம் என்று கேட்டாள். அத்தனை சந்தோஷமாக இருந்தேன். “எங்க ஊர்ல இன்னைக்குத்தான் கிறிஸ்துமஸ்” என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

இந்த ஊருக்கு வந்தபிறகு வயிறு நிறைந்த முதல் நாள் இன்று.

டிசம்பர் 27

ஹன்னாமேல் தப்பில்லை. பலகாரம் நன்றாக இருக்கிறதே என்று துரைசானிக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். மேஜைக்கு அந்தப்பக்கம் நெவில் உட்கார்ந்திருந்தாராம். அஞ்ஞானிக்குக் கிறிஸ்துமஸ் ஏது என்று முதலில் கேட்டாராம். அதுவும் பத்து நாள் முன்னால், ரோமாபுரிக் கணக்கில் ஏது என்று அடுத்துக் கேட்டாராம்.

பாதிரி லாங்டனை வரவழைத்தார்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவனா நீ என்று அவர் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். இரண்டாம் தடவை கொடுக்க முடியாது என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். பாப்பரசர் ஆளுக்கு வேதம் சொல்லித்தந்தேன் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று முணுமுணுத்தார். போகும்போது கையுறையைக் கேட்கவில்லை. நானே கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அதிரசத்தை வாயை மூடிக்கொண்டு தின்றிருந்தால் போதும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும்.

டிசம்பர் 30

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி தெரிகிறது. நெவில் என் மதத்தை வெளியே சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சிறைக்காரன் கொண்டுபோவான், அவருக்கு ஆள் நஷ்டம். அதனால் நானே போய்ச் சொல்லப்போகிறேன். சிறை என்றாலும் பரவாயில்லை. சிறையில் இருப்பவன் கிறிஸ்தவன், ஒரு மனிதன். தண்டனைக்குப் பிறகு நாடு கடத்துவார்கள். என் நாடு எது என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியும்.

ஜனவரி 2

நீதவான் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். வாதக்கால் ஒன்றை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கத்தோலிக்கன், என்னைப் பிடியுங்கள் என்றேன். அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உடனே குமாஸ்தா ஒருவன் ஈரத்துணி கொண்டுவந்தான். என் கன்னத்தைத் தேய்த்தான். பிறகு நெற்றி, காதுக்குப் பின்னால், கழுத்து. பிரெஞ்சுப் பாதிரிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர் வேஷத்தில் ஊருக்குள் வருகிறார்களாம். தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்தது. துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கறுப்பு இல்லை. எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. லத்தீனில் விசுவாச மந்திரத்தை முழுவதும் சொன்னேன். நீதவான் தலையை ஆட்டி ரசித்தார். தன் கொழுந்தியாரின் கிளியும் பிரெஞ்சு பேசும் என்றார். இதற்குள் ஆள் போய்ச் சொல்லி நெவிலும் பாதிரியும் வந்துசேர்ந்தார்கள். பாதிரியை நோக்கி, இவன் கிறிஸ்தவனா என்று நீதவான் கேட்டார். பாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு, கர்த்தரின் பார்வையில் ஆமாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவரை வாழ்த்துகிறேன்.

நீதவான் சொன்னார்: “கர்த்தர் பார்வையில இருந்துட்டுப் போகட்டும். என் பார்வையில கறுப்பன். பாப்பரசர் ஆளுன்னா ரகசியம் வைக்கணும், திட்டம் போடணும், அதுக்கு ஒரு வெள்ளைக்காரன் வேணும். இவனைச் சிறையில போட்டா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

ஞானஸ்நானம் பெற்றவனைச் சாமான் என்று எப்படிச் சொல்லலாம் என்று நான் கத்தினேன். ஆதாரம் கேட்டார்கள். பக்கத்துச் சந்தில் டோர்கஸ் இருக்கிறாளே, பார்படோஸிலிருந்து மார்லோ கப்பல் தலைவரோடு வந்தவள், உங்கள் கோவிலிலேயே ஞானஸ்நானம் வாங்கியவள், அவளை யாரும் சாமான் என்று சொல்லவில்லையே என்றேன். நல்ல ஆதாரம் அது. வேறென்ன சொல்வது?

நெவில் அதுவரை ஜன்னல் பக்கம் நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “மார்லோவா? என் பெரியப்பா மகன் மார்லோவா?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

தண்ணீர் ஆத்துமாவைத்தான் கழுவும், உடைமைச் சட்டத்தைக் கழுவாது என்று நீதவான் தீர்த்துவிட்டார். சாயம் போயிருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள். போகவில்லை. அதனால் பூட்டி வைத்திருக்கிறார்கள். நிலக்கரி அறையிலிருந்து எழுதுகிறேன்.

ஜனவரி 4

இவர்கள் கிறிஸ்துமஸ். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 8

ஹன்னா கதவிடுக்கு வழியே ரொட்டி தந்தாள். டோர்கஸ் குடியிருந்த அறை திறந்து கிடக்கிறதாம். அடுத்தவர் துணியெல்லாம் கொடியில் அப்படியே தொங்குகிறதாம், நாலு நாளாக யாரும் எடுக்கவில்லையாம். எங்கே போனாள் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் பூட்டிய அறையில் இருக்கிறேன். ஊர்க்காரர்களுக்குத் துணி கிடைக்காவிட்டால் அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

ரொட்டி இறங்கவில்லை. காய்ந்துபோயிருக்கவேண்டும்.

ஜனவரி 22

நெவிலின் கப்பலில் இருக்கிறேன். ஆற்றுமுகம் தாண்டிக் கடலோரத்தில் எல்லாக் கப்பல்களும் காற்றுக்காக நங்கூரமிட்டு நிற்கின்றன. பகலில் ஒரு நாழிகை மேல்தளத்தில் நிற்க விடுகிறார்கள். கீழே பெண்களுக்குத் தனி அறை. அங்கே இருமுகிறவர்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

சென்னப்பட்டினம் போகும் கப்பலும் இங்கேதான் நிற்கிறது. கூப்பிடு தூரம். அதன் பாய்களைத் தைத்துக்கொண்டிருப்பதுகூடத் தெரிகிறது.

இன்று அங்கிருந்து ஒரு படகு, கயிறு கடன் கேட்க எங்கள் கப்பலண்டை வந்தது. துடுப்புப் போட்டவர்களில் ஒருவன் குளிரைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்கிறேன்! கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, எந்த ஊரப்பா என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனான். பழவேற்காடு என்றான். சாந்தோம் தெரியுமா என்றேன். தெரியும், மாமியார் வீடு பக்கத்தில்தான் என்றான்.

முதலில் வந்த வார்த்தை வேறு. மதலேனாளிடம் போய்ச் சொல்லு, நான் உயிரோடு இருக்கிறேன், எப்படியாவது வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் அவள் வயது ஞாபகம் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு எங்கள் சபையில் மறு கல்யாணம் கிடையாது. கடற்கரையில் நின்று வருஷா வருஷம் கப்பல் பார்த்துக்கொண்டிருப்பாள். சூசை வளர்ந்து அவளோடு நிற்பான்.

“பெரிய கோவில் பின்னால மதலேனாள்னு கேளு. துபாஷி சந்தியாகு லண்டன்ல காய்ச்சல்ல செத்துட்டான்னு சொல்லு. கோவில்லயே அடக்கம் பண்ணாங்க, பாதிரியார் பக்கத்துல இருந்தாருன்னு சொல்லு.”

அவன் துடுப்பை நிறுத்தினான். “நீங்க யாருண்ணே அவருக்கு?” என்று கேட்டான்.

கூட இருந்தவன் என்றேன். அடக்கத்தை நீங்களே கண்ணால் பார்த்தீர்களா, அந்த அம்மா கேட்டால் சொல்லவேண்டுமே என்றான். பார்த்தேன் என்றேன். தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். கட்டாயம் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றான். படகு திரும்பிப் போய்விட்டது.

காற்று மாறிவிட்டது. அந்தக் கப்பலில் நங்கூரம் எடுக்கிறார்கள்.